கிட்டங்கியில் ஆளில்லாச் சண்டை

தாயி,

போன வெள்ளிக்கிழமை காலையில், நம் மிளகாய்க் கிட்டங்கியில் நீ யாருமில்லாத இடத்தைப் பார்த்துக் குத்திக்கொண்டும் உதைத்துக்கொண்டும் இருந்தாய். உனக்கு மாமனாராக வரவிருந்த திருப்பத்தூர்க்காரரும் நானும் வாசலில் நின்று அதைப் பார்த்துவிட்டோம். நடந்தது இவ்வளவுதான். ஆனால் உன்னை மெட்ராஸ் ரயிலில் ஏற்றிவிட்டு வந்த பிறகும் அந்தத் திடுக்கிடல் என்னைவிட்டு இறங்கவில்லை. ஜன்னல் வழியாக நீ என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாய்: "திருப்பத்தூர்ல என்ன பேசுனாலும் எனக்கு முழுசா எழுதுங்கப்பா. அதுக்கு முன்னாடி தலைய ஆட்டிராதீக." அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். கடைக் கணக்கு எழுதிப் பழகிய கை, வளவளவென்றுதான் வரும். பொறுத்துக்கொண்டு படி.

அன்று அவர் முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்குவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பெண் பார்க்கிற நேரம் பத்து மணிக்கு மேல்தான். பையனும் பொம்பளைகளும் காரில் பிறகு வருவதாக ஏற்பாடு. ஆனால் அவரும் என்னைப் போல மண்டிக்காரர். மருமகளைப் பார்ப்பதற்கு முன்னால் சரக்கைப் பார்க்க ஆசைப்பட்டார். "புது முண்டு மொளகா வத்தல் எறங்கிருக்காமே மச்சான், ஒரு கை அள்ளிப் பாப்பமே" என்றார். நானும் பெருமையாகத்தான் கிட்டங்கிக்குக் கூட்டிப் போனேன். மூட்டை அடுக்குகளுக்கு நடுவே ஓர் ஆள் போகிற சந்தில், வெள்ளைக் கால்சட்டையும் வெள்ளைச் சட்டையுமாக ஓர் உருவம். முதலில் திருடன் என்று நினைத்தேன். பின்னலைப் பார்த்த பிறகுதான் நீ என்று தெரிந்தது. திருடனாகவே இருந்திருக்கலாமே என்று ஒரு கணம் நினைத்தேன், மறைக்காமல் சொல்கிறேன்.

நீ எங்களைப் பார்க்கவில்லை. ஒரு கையை உயர்த்தி எதையோ தடுத்தாய், அடி எடுத்து வைத்தாய், இன்னொரு கையால் காற்றைக் குத்தினாய். சட்டென்று திரும்பி, இல்லாத இன்னொருவனை உதைத்தாய். சந்து குறுகல் என்பதால் முன்னால் வைக்க வேண்டிய காலைப் பின்னால் வைத்து இடத்தைச் சரிக்கட்டிக்கொண்டாய் என்று பிறகு நீ விளக்கித்தான் எனக்குத் தெரியும். கடைசிக் குத்தில் ஒரு கத்து கத்தினாய் பார், என் கையிலிருந்த சாவிக்கொத்து கீழே விழுந்தது. மிளகாய் நெடியிலும் அந்தச் சத்தம் உன் வயிற்றிலிருந்து தும்மாமல் இருமாமல் வந்தது. தும்மியது அவர்தான். தும்மல் கேட்டு நீ திரும்பிய வேகத்தில் உன் முஷ்டி அவர் மூக்குக்கு நேராக நின்றது. அவர் பின்னுக்குப் போய் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

"வணக்கம் மாமா" என்றாய் நீ. முஷ்டியை இறக்காமலே சொன்னாய்.

"இருக்கட்டும்த்தா, இருக்கட்டும். கைய மட்டும் கொஞ்சம் அங்குட்டு வச்சுக்க" என்றார் அவர்.

அந்த நேரத்தில் என் வாய் செய்த வேலையையும் எழுதிவிடுகிறேன். முப்பது வருஷம் வியாபாரம் செய்த வாய், யோசிக்காமலே பொய்யை எடுத்து நீட்டியது. "வயித்து வலிக்கு டாக்டர் சொன்ன எக்சர்சைஸ் மச்சான்" என்றேன். அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "வலி யாருக்கு, இவுகளுக்கா, எதுத்தாப்புல நிக்கிறவனுக்கா?" பையன் வருவதற்குக்கூடக் காத்திராமல் திரும்பும் பஸ்ஸைப் பிடித்துப் போனார். எதிரே வந்த காரையும் பாதி வழியிலேயே நிறுத்தித் திருப்பிவிட்டார். தட்டில் அடுக்கிய பலகாரம் அப்படியே இருந்தது.

உன் அம்மா சொன்னதை நீயும் கேட்டாய். "கிட்டங்கிக்குப் பின்னாடி இருக்க புளியமரத்து முனிதான் புடிச்சிருக்கு. இல்லாத ஆளோட சண்ட போட்டா வேற என்னவாம்?" என்று திருநீற்றை அள்ளி உன் தலையிலும் மேலிலும் போட்டாள். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பில் அவளுக்குச் சந்தேகம் உறுதியாகிவிட்டது. அப்புறம் எங்கள் இருவரையும் உட்காரவைத்து, சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்வது போலச் சொன்னாய். அதன் பேர் கராத்தே. தனியாகச் செய்கிற அந்த அடிமுறை வரிசைக்குக் கட்டா என்று பேர். எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எங்கே தடுக்க வேண்டும், எங்கே குத்த வேண்டும் என்று எல்லாம் முன்னமே வகுத்தது. எதிராளியை நாமே மனதில் நிறுத்திக்கொள்ள வேண்டும். டெலிபோன் ஆபீசில் உன்கூட வேலை பார்க்கிற பெண்களோடு சேர்ந்து, ஒரு மொட்டை மாடி வகுப்பில் இரண்டு வருஷமாகப் படிக்கிறாயாம். இரண்டு வருஷம்! ஒரு மூட்டையில் ஈரம் ஏறினால் வாசலில் நின்றே சொல்லிவிடுகிற எனக்கு, பெற்ற மகளைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

அதைவிட என்னைத் தூக்கிப் போட்டது வேறு. லீவுக்கு வந்த போதெல்லாம் நீ அதை எங்கள் கண்முன்னாலேயே செய்திருக்கிறாய். சாமி ரூமில் அதிகாலையில் கையை மெள்ள மெள்ள உயர்த்தி இறக்கிக்கொண்டு நிற்பாயே, அதைப் பக்தி என்று உன் அம்மா தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். அது கட்டாவை மெதுவாகச் செய்து, உடம்பு எங்கே தடுமாறுகிறது என்று கண்டுபிடிக்கிற முறையாம். திருச்சி பஸ்ஸில் என் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு வந்தாயே, தூங்குகிறாய் என்று துண்டை மடித்துத் தலைக்கு வைத்தேன். நீ தூங்கவில்லை. உடம்பை அசைக்காமல் முழு வரிசையையும் மனசுக்குள்ளேயே ஓட்டியிருக்கிறாய். போன கோடையில் களத்தில் காய்ந்த வத்தலைக் காலால் துழாவிவிடுகிறேன் என்று நீயாகவே முன்வந்தாய். "மகாராணிக்கு என்ன திடீர்னு?" என்று கேலி செய்தேன். நீ துழாவிய பிறகு பார்த்தால், நேர்நேரான சால் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பக்கமும் குறுக்குக் கோடு போட்டு, நடுவில் ஒரு நெடுங்கோடு இழுத்தது போல ஒரு தடம். போட்டி மண்டிக்காரன் யாரோ வந்து செய்வினை வைத்துவிட்டான் என்று நான் எலுமிச்சம்பழம் வாங்கி நறுக்கிப் போட்டேன். அது கட்டாவில் நீ கால் நகர்த்துகிற தடம். கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, காலை மட்டும் பழகியிருக்கிறாய். எலுமிச்சம்பழத்தை நான் நறுக்கும்போது நீ பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய், தாயி.

அன்று சாயங்காலம் கொல்லையில் உன்னைச் செய்து காட்டச் சொன்னேன். கோபத்தில்தான் சொன்னேன். என்ன எழவைக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறாள் என்று பார்த்து, ஒரே பேச்சாக நிறுத்தச் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். நீ சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரே கட்டாவைப் பல விதமாய்ச் செய்தாய். ஒருமுறை வேகமாக. ஒருமுறை பலமே கொடுக்காமல், துணி காற்றில் அசைவது போல. ஒருமுறை வலது செய்வதை எல்லாம் இடதாக மாற்றி. கிழக்கே பார்த்துத் தொடங்குவதை மேற்கே பார்த்துத் தொடங்கினாய்; "பழகுன சுவத்த வச்சே தெச தெரிஞ்சுக்கிறோம்ப்பா, அது தப்பு" என்றாய். அப்புறம் கண்ணைக் கட்டிக்கொண்டு. கிணற்றடிக்கு ஒரு சாண் தள்ளி உன் கால் நின்றபோது உன் அம்மா என் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டாள். நீ துணியை அவிழ்த்துவிட்டு, "சரியா இருந்துச்சா?" என்று கேட்டாய். எங்களைக் கேட்டாய், ஒன்றும் தெரியாத எங்களை.

சரக்கு ஒன்றுதான். ஆனால் நானும் அதை ஒரே விதமாகப் பார்ப்பதில்லை. காதருகே குலுக்கி விதைச் சத்தம் கேட்பேன், காம்பை ஒடித்துப் பார்ப்பேன், நிழலில் நிறம் பார்ப்பேன், நாக்கில் வைப்பேன். அதனால் நீ செய்ததில் ஒரு பாதி எனக்குப் புரிந்தது என்றே சொல்வேன். இன்னொரு பாதியை உன் அம்மாதான் எடுத்துக்கொடுத்தாள். "நீங்க பழகலையா? என் கைய வச்சுத்தான பழகுனீக?" என்றாள். உனக்கு இது தெரியாது. அரிசிக்கு வரிசையில் நின்ற அந்த வருஷங்களில், கல்லல் ஊரிலிருந்து வந்து மண்டியில் தரகு பார்க்கத் தொடங்கிய புதுசு. துண்டுக்குள் இருவர் கையை விட்டு, விரலைப் பிடித்து விலை பேசுவோமே, அது எனக்கு வரவே வராது. ஒரு விரல் பிடித்தால் என்ன, இரண்டு பிடித்து அழுத்தினால் என்ன என்று குழம்பி நட்டப்பட்டுத் திரும்புவேன். சோறு ஆறுகிற வரைக்கும் உன் அம்மா கையைத் துண்டுக்குள் வாங்கிப் பழகுவேன். கொஞ்ச நாளில் அவள் என்னைவிடக் கெட்டிக்காரியாகி, விலையை ஏற்றிக்கொண்டே போவாள். வாங்காத சரக்குக்கு எத்தனையோ தடவை என்னைத் திவாலாக்கியிருக்கிறாள். இதைச் சொல்லி நாங்கள் இருவரும் சிரித்தோம். அன்று முழுக்க அந்த ஒரு சிரிப்புதான்.

சிரித்த சூட்டில்தான் நான் அதைக் கேட்டேன். "எதுத்தாப்புல யாரோ நிக்கிறதா நெனச்சுக்கணும்னு சொன்னியே. நீ யாரத்தா நெனச்சுக்கிற?"

நீ சேலை முந்தானையை உதறிவிட்டுக்கொண்டு சொன்னாய்: "மொதல்ல ஒருத்தன். ஆபீஸ்லருந்து ஹாஸ்டலுக்குப் போற வழியில மாசக்கணக்கா பின்னாடியே வந்தான். அதுக்காகத்தான் வகுப்புல சேந்தேன். ஒருநா நின்னு திரும்பிப் பாத்தேன். இப்ப நின்னேன்ல, அதே மாதிரி. அடிக்கக்கூட இல்ல. போய்ட்டான்."

"ஏன் எங்ககிட்ட சொல்லல?"

"சொன்னா வேலைய விட்டுட்டு வரச் சொல்லிருப்பீக."

சொல்லியிருப்பேன். அதில் உனக்கு எந்தச் சந்தேகமும் வேண்டாம். அடுத்த ரயிலில் வந்து கூட்டிக்கொண்டு வந்திருப்பேன். என் மகள் தெருவில் பயந்து நடந்த மாதங்களில் நான் இங்கே வத்தல் விலை ஏறியதற்குச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் நீ அதோடு நிறுத்தவில்லை. "இப்ப அவன் இல்லப்பா. ஒவ்வொரு தெசைக்கும் ஒரு ஆள வச்சுக்கச் சொல்லுவாங்க. அப்பப்ப ஆளு மாறும்" என்றாய். இப்போது யார் என்று உன் அம்மா கேட்டாள். நீ என்னைப் பார்த்தாய். கண்ணைத் தாழ்த்தாமல் பார்த்தாய்.

"நேத்துலருந்து அப்பாதான்."

கொல்லையில் ஆடு கத்தியது எனக்குக் கேட்டது. "பையன் யாரு, நான் வேலைக்குப் போறதா வேண்டாமா, ஒண்ணும் என்கிட்ட கேக்கல. வெள்ளிக்கிழம லீவு போட்டு வான்னு தந்தி மட்டும் வந்துச்சு. தந்தியப் பாத்ததும் அம்மாவுக்குத்தான் என்னமோன்னு நெனச்சு அழுதுக்கிட்டே வந்தேன். வந்து பாத்தா பலகாரம் சுட்டுக்கிட்டு இருக்கீக" என்றாய். குரலை உயர்த்தவே இல்லை. கிட்டங்கியில் கத்தியது போலக் கத்தியிருந்தால்கூட எனக்குத் தாங்கியிருக்கும். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று நீ எழுந்து போனாய்.

அவர் கோபித்துப் போனதைச் சரிக்கட்ட, ஞாயிற்றுக்கிழமை திருப்பத்தூர் போனேன். போகாமலே விட்டுவிடலாம் என்று உன் அம்மா சொன்னாள். ஆனால் நீ ஸ்டேஷனில் "திருப்பத்தூர்ல என்ன பேசுனாலும்" என்றுதான் சொன்னாய், "பேசவே வேண்டாம்" என்று சொல்லவில்லை. அந்த இடைவெளியை நான் பிடித்துக்கொண்டேன், வியாபாரி புத்தி. அவர் கடை நடுவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் சுமைதூக்கிகள், தரகர்கள். பையன் கல்லாவில் இருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து நின்றான், நல்ல பழக்கம். அவர் வளைக்காமல் பேசினார்: "மச்சான், பிள்ளை நல்ல பிள்ளை. ஆனா கல்யாணத்துக்குப் பெறகு அந்த ஆட்டம் கூடாது. எங்க வீட்டு மாடியில மருமக காத்தக் குத்துறத ஊரு பாத்தா, எம் மகன உதைக்கிறதாத்தான் பேசும்." நான் முடியாது என்றேன். "சரி, முழுசா நிப்பாட்ட வேணாம். வாரத்துல எத்தன நாளு, பேசுவோம்" என்று தோளில் கிடந்த துண்டை எடுத்து விரித்தார்.

கை தானாகப் போனது, தாயி. இத்தனை வருஷப் பழக்கம். துண்டுக்குள் அவர் என் ஒரு விரலைப் பிடித்தார். வாரத்துக்கு ஒரு நாளாம். நான் அவர் கையை விரித்து ஐந்தையும் பிடித்தேன். அவர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு இரண்டு பிடித்தார். சுற்றி நின்றவர்கள் ஏதோ பெரிய லோடு பேரம் என்று நினைத்து எட்டிப் பார்த்தார்கள். நான் ஐந்தை விடவில்லை. அவர் மூன்றுக்கு வந்தார். இன்னும் ஓர் அழுத்து அழுத்தினால் நாலுக்கு வந்துவிடுவார் என்று உள்ளுக்குள் எனக்கு ஒரு சந்தோஷம் எழுந்தது. அந்தச் சந்தோஷத்தில்தான் திடுக்கென்றது. யாருடைய காலைப்பொழுதை நான் யாருக்குத் தெரியாமல், எந்த இருட்டுக்குள் விற்றுக்கொண்டிருக்கிறேன்? நீ கொல்லையில் சொன்னதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

கையை உருவிவிட்டேன். பேரம் நடுவில் கையை உருவுவது எங்கள் தொழிலில் கன்னத்தில் அறைவதற்குச் சமம். ஒரு சுமைதூக்கி மூட்டையை முதுகிலேயே வைத்துக்கொண்டு நின்றுவிட்டான். "கைய உருவிட்டீகளே மச்சான்!" என்றார் அவர், முகம் சிவந்து. நான் துண்டை எடுத்து மடித்து அவர் தோளிலேயே போட்டேன். "இது மொளகா இல்ல. வாயால பேசுவோம். எல்லாருக்கும் கேக்கட்டும். என் மகளுக்கும் அப்படியே எழுதப் போறேன்" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

அவர் அடித்திருந்தாலும் வாங்கியிருப்பேன். அப்போது கல்லாவிலிருந்து பையன் கேட்டான்: "மாமா, கோவிச்சுக்காதீக. அவுகளுக்குக் கோவம் வந்தா நெசமாவே அடிப்பாகளா?"

"தெரியாது தம்பி. இதுவரைக்கும் ஒருத்தனத் திரும்பிப் பாத்திருக்கா. அவன் இன்னும் ஓடிக்கிட்டு இருக்கான்" என்றேன்.

முதலில் சிரித்தது சுமைதூக்கிதான். அப்புறம் பையன். கடைசியாக அவரும், சிரிக்கக் கூடாது என்று மீசையைத் தடவிக்கொண்டே சிரித்தார். "வயித்து வலின்னு சொன்னீகளே, எனக்குல்ல வயித்தக் கலக்கிருச்சு" என்றார். அதன் பிறகு பேசியது எல்லாம் வெட்டவெளியில், கடைக்காரர்கள் நடுவே, வாய்வார்த்தையாகப் பேசியது.

உனக்குப் புத்தி சொல்ல வேண்டிய வயசு எனக்கு. ஆனால் இந்த வாரம் எனக்கு அந்தத் தைரியம் இல்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். எந்த வீட்டுக்குப் போனாலும் சாமி ரூமில் ஒளித்து, களத்தில் ஒளித்து, பஸ்ஸில் கண்ணை மூடி ஒளித்துப் பழகாதே. ஒளித்து வைக்கிற சரக்கில்தான் வாங்குகிறவன் குற்றம் தேடுவான். எங்களிடம் ஒளிக்க வேண்டியிருந்தது எங்களால். அதை நான் அறிவேன். பையனைப் பற்றிக் கேட்டாயானால், எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். பயத்தைப் பயம் என்று வாய்விட்டுக் கேட்கிறான். கிளம்பும்போது பஸ் ஸ்டாண்டு வரை வந்து, அந்த வகுப்பில் ஆண்களையும் சேர்ப்பார்களா என்று விசாரித்தான். அதை நல்லதாக எடுப்பதா கெட்டதாக எடுப்பதா, நீயே முடிவு செய்.

பேசிவைத்தது இது; உன் பதில் வராமல் தலையாட்டமாட்டேன் என்றும் சொல்லிவிட்டேன். நீ தினமும் காலையில் கட்டா பழகலாம். அமாவாசையும் வீட்டில் துக்கமும் தவிர. அமாவாசை அவர் சம்சாரத்தின் பிடிவாதமாம், அதில் நான் விட்டுக்கொடுத்தேன். இடம் மேல்மாடி. கதவை உள்ளே பூட்டிக்கொள்வதும் திறந்து வைப்பதும் உன் இஷ்டம். சத்தம் போடலாம்; அக்கம்பக்கத்தில் கேட்டால் அவரே பதில் சொல்லிக்கொள்வார். மதுரைக்கோ திருச்சிக்கோ மாற்றல் கிடைக்கும்வரை நீ மெட்ராஸ் வேலையை விடுவதில்லை, அதுவரைக்கும் கல்யாணத் தேதி குறிப்பதில்லை. அதற்கு முன் பையன் மெட்ராஸ் வந்து, உன் ஹாஸ்டலில் பார்வையாளர் உட்காருகிற இடத்தில் உன்னோடு நேரில் பேசுவான். கூட நானோ அவரோ இருக்கமாட்டோம். பேசிய பிறகு சம்மதம் என்று உன் கையெழுத்தில் வந்தால் வெற்றிலை பாக்கு மாற்றுவது. வேண்டாம் என்று வந்தால், காரணம் கேட்காமல் இரண்டு பக்கமும் பேச்சை விட்டுவிடுவது. அவருக்கும் எனக்கும் மண்டி வியாபாரம் எப்போதும்போல நடக்கும்.